பதினாறரை மில்லிமீட்டரில் முல்லைத்திணை

ஒரு நிலப்பரப்பை மேசைமேல் அடங்கும் அளவுக்குக் குறுக்கி, அதனூடே பொம்மையினும் சற்றே கௌரவமான ரயில் ஒன்றை ஓடவிடும் கலைக்கு மாதிரி ரயில் அமைப்பு என்று பெயர். உலகின் பல நாட்டு ரயில்களும் இவ்வாறு குறுக்கப்பட்டுள்ளன எனினும், அயர்லாந்தின் ரயிலையும் அதைச் சூழ்ந்த குடிசை, கல்வேலி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றையும் குறுக்க முனைவோர்க்கு நேரும் இடர்கள் தனித்தன்மை வாய்ந்தவை என்பதும், அவற்றைப் பொறியியல் கொண்டோ ஓவியக்கலை கொண்டோ தீர்க்க இயலாது என்பதும், முதல், கரு, உரி என்று பொருளதிகாரம் வகுத்த பகுப்பே அதற்குத் தக்க கருவி என்பதும் இக்கட்டுரையின் துணிபு. தொல்காப்பியர் ரயிலைக் கண்டதில்லை என்று தடை எழுப்புவார் உளர். அயர்லாந்துக் கிளைப்பாதைகளை மாதிரியாகக் கட்டுவோரில் பலரும் தாம் கட்டும் ரயிலைக் கண்டதில்லை, அவர்கள் பிறக்குமுன்பே அது மூடப்பட்டுவிட்டது என்பதால் அத்தடை வலுவற்றது என்க.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். மாதிரி ரயிலில் நிலம் மண்ணில் தொடங்குவதில்லை. இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் தொடங்குகிறது. பாதை அகலம் எனப்படும் இவ்விடைவெளி அயர்லாந்தில் ஐந்தடி மூன்றங்குலம், அதாவது 1600 மில்லிமீட்டர். 1834-இல் திறக்கப்பட்ட டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை நாலடி எட்டரை அங்குலத்திலும், 1839-இல் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து புறப்பட்ட அல்ஸ்டர் ரயில்வே ஆறடி இரண்டங்குலத்திலும், 1844-இல் திறக்கப்பட்ட டப்ளின்–ட்ராஹெடா பாதை ஐந்தடி இரண்டங்குலத்திலும் அமைந்துவிடவே, இவை என்றேனும் ஒன்றையொன்று சந்திக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலை பிறந்தது. பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் சார்பில் இதை விசாரித்த பாஸ்லி என்னும் படைத்தளபதி, ஐந்தடிக்கும் ஐந்தடி ஆறங்குலத்துக்கும் இடைப்பட்ட ஏதேனும் ஓரளவு நன்று என வல்லுநர்கள் கூறக் கேட்டு, அவ்விரண்டின் நட்டநடுவைத் தேர்ந்தார்; 1846-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்தது. மேல் எல்லையாக நின்ற ஐந்தடி ஆறங்குலம் பின்னர் இந்திய அகலப்பாதைக்கு வாய்த்தது என்பது இங்கே போகிற போக்கில் குறிக்கத்தக்கது. மூவர் மூன்று அளவோடு வழக்காட வந்த இடத்தில் மூவரிடமும் இல்லாத நான்காவது ஒன்றைத் தீர்ப்பாகச் சொன்ன இந்நடுவர் முறையால், எவரும் வெல்லவில்லை, ஆகவே எவரும் தோற்கவுமில்லை.

இவ்வரலாற்றோடு இன்னொரு வரலாறு வந்து மோதுகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவு டபுள் ஓ எனப்படும். அது மெய்யான ஓரடியை நான்கு மில்லிமீட்டராகக் குறுக்குவது, அதாவது ஒன்றுக்கு 76.2 என்னும் விகிதம். ஆனால் அதன் பாதை அகலம் 16.5 மில்லிமீட்டர். ஓரடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற சிறிய அளவுக்கு உரிய பாதை இது. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவில் ஒடுங்கியவை ஆதலால் இந்த அளவு உருவான காலத்து மோட்டார் அவற்றுக்குள் நுழையவில்லை, எனவே இன்ஜினின் உடலை மட்டும் பெருக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டனர். இதனால் இங்கிலாந்தின் ரயில் தனக்குரிய 18.83 மில்லிமீட்டரில் இரண்டு சொச்சத்தை இழந்து நிற்க, 21 மில்லிமீட்டர் வேண்டிய அயர்லாந்து ரயிலோ நாலரை மில்லிமீட்டரை இழந்து, அகன்ற தோளும் குறுகிய பாதமும் கொண்டு நிற்கிறது. மெய்யளவில் கூறின் இக்குறை 343 மில்லிமீட்டர், அதாவது பதின்மூன்றரை அங்குலம்.

இக்குறையை ஏற்பதா மறுப்பதா என்பதில் ஆர்வலர் இரு பிரிவாயினர். இவ்வாய்வின் வசதிக்காக இவர்களை இருபத்தொன்றார் என்றும் பதினாறரையார் என்றும் குறிக்கலாம். இருபத்தொன்றார் கடையில் விற்கும் தண்டவாளத்தைத் தீண்டாமல், சிலீப்பர்க் கட்டைகளைத் தாமே நறுக்கி, பாதை பிரியும் இடங்களைத் தாமே அரத்தால் ராவி, மர்ஃபி மாடல்ஸ் போன்ற நிறுவனங்கள் பதினாறரையில் ஓடுமாறு விற்கும் டீசல் இன்ஜின்களின் அச்சுகளைக் கழற்றி அகலமாக்கி, முதல் ரயில் ஓடுமுன் பல ஆண்டுகளைக் கழிப்பர். பதினாறரையார் பெட்டியைப் பிரித்த அன்றே ரயிலை ஓடவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அகலம் தெரியாது என்று வாதிடுவர். காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று நீதிமன்றம் வரை சென்றோரின் உறுதிக்கு இவ்விரு சாராரின் உறுதி இளைத்ததன்று. இருபத்தொன்றார் மெய்ம்மையைக் காக்கின்றனர் எனப்படினும், அவர்கள் காப்பது பாஸ்லியின் நட்டநடுவைத்தான். ஒரு சமரசத்துக்கு மில்லிமீட்டர் பிசகாமல் விசுவாசம் காட்டுவதும், சமரசத்தின்மேல் இன்னொரு சமரசத்தை ஏற்றுவதும் வரலாற்று நோக்கில் ஒரே குடும்பத்துச் செயல்களே. இரண்டுக்கும் அப்பால், ஓரடிக்கு ஐந்தரை மில்லிமீட்டர் என்னும் அளவைப் பேணும் சிறு கூட்டமும் உண்டு. டொனகால், கிளேர், கெரி முதலிய மாவட்டங்களில் ஓடிய மூன்றடிக் குறும்பாதைகளை அவ்வளவில் அமைத்தால் அகலம் சரியாகப் பதினாறரை வந்துவிடுகிறது. கணக்கு இவ்வளவு எளிதில் சரிப்படுவதாலோ என்னவோ, இவர்களை எவரும் பொருட்படுத்துவதில்லை.

அகலத்துக்கு இத்தனை போர் நிகழ, நீளத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கிளேர் மாவட்டத்து எனிஸிலிருந்து கடலோரக் கில்கீ வரை ஓடி 1961-இல் மூடப்பட்ட மேற்கு கிளேர் ரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். டபுள் ஓ அளவில் அதற்கு ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மேசை வேண்டும். மூன்று மீட்டர் பலகையில் அதைக் கட்டுவோர் மீதி முழுவதையும் மலைக்குகைக்குள்ளோ சுவரிலுள்ள துளைக்குப் பின்னோ மறைத்துவிட்டு, நாலரை மில்லிமீட்டர் பற்றிய விவாதத்துக்குத் திரும்பிவிடுகின்றனர்.

பொழுது பற்றி ஐயமில்லை. மழை ஒரு மில்லிமீட்டரேனும் பெய்யும் நாள்கள் அயர்லாந்தின் கிழக்குக் கரையில் ஆண்டுக்கு 150 என்றும், மேற்கின் சில பகுதிகளில் 225 என்றும் அந்நாட்டு வானிலையாளர் கணிப்பர். ஆகவே பெரும்பொழுது கார். வெயில் இன்னும் ஏறாத முற்பகலும் மாலைபோல் தோன்றுவதால் சிறுபொழுது எப்போதும் மாலை. மேய்ச்சல் நிலம், பசு, கார், மாலை என இவை ஒருங்கே கூடுமிடம் முல்லை என்பது தமிழ் கற்றோர்க்கு விளக்க வேண்டாதது. நடைமேடைக்குப் பளபளப்பு வார்னிஷ் பூசி ஈரம் காட்டுவதும், பின்திரையில் நீலத்தைத் தவிர்த்துச் சாம்பலைத் தீட்டுவதும் இதனால் விதியாகின்றன. நீல வானம் தீட்டப்பட்ட அயர்லாந்து அமைப்பைத் திணைமயக்கம் என்றே கொள்க.

இனிக் கருப்பொருள். மாதிரி அமைப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது இதுவே. மேற்குக் கரையின் கல்வேலிகள் சாந்தின்றி அடுக்கப்படுபவை. பல இடங்களில் கற்களுக்கிடையே ஒளி தெரியும்படி அடுக்குவதால் அட்லாண்டிக் காற்று வேலியைத் தள்ளாமல் அதனூடே புகுந்து போய்விடும். களிமண்ணைப் பலகையாக அழுத்தி அதன்மேல் கல்வடிவம் கீறுவோர் காற்றுக்கு வழிவிடாத குற்றத்துக்கு ஆளாவர். கல்லொன்றாக இடுக்கியால் அடுக்குவோர் ஒரு கையகல வயலை முடிக்குமுன் கண்ணாடி மாற்றுவர். வேய்ந்த கூரைக்குக் குழாய் மரையில் சுற்றும் சணல்நாரைச் சீவி ஒட்டுவது மரபு. கடலோரக் குடிசையாயின் கூரைமேல் கயிறுகளைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிச் சுவரில் துருத்திய கல்முளைகளில் கட்டுதலும் வேண்டும். தவறினால் கூரை பறந்துவிடும் என்பதற்காக அன்று, அது பறந்திருக்க வேண்டுமே என்று அறிந்தோர் கேட்பர் என்பதற்காக. குடிசையருகே கரிமண் குவியல் இடுக. அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் மக்கிய பாசியையும் புல்லையும் செங்கல்போல் வெட்டி உலர்த்திய எரிபொருள். உண்மையான கரிமண்ணையே பொடித்து இதற்கு இடலாம். அளவு குறுக்கப்பட்ட உலகில் குறுக்கப்படாத மெய்ப்பொருள் இஃதொன்றே என்பதால், அதை இட்டவர் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் அரிது.

கருப்பொருளில் மரத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. வயல் நடுவே தனித்து நிற்கும் முட்செடியான ஹாதார்ன், மாயமக்களுக்கு உரியது, அதை வெட்டுவோர்க்குக் கேடு வரும் என்பது அயர்லாந்து நாட்டார் நம்பிக்கை. 1999-இல் கிளேர் மாவட்டத்து லட்டூனில் நெடுஞ்சாலைப் பணிக்கு இடையூறாக நின்ற அத்தகைய மரம் ஒன்று, நாட்டார் கதைகள் திரட்டும் எடி லெனிஹன் எழுப்பிய எதிர்ப்பால் வெட்டுக்குத் தப்பியது. எனவே மாதிரி அமைப்பிலும் முதலில் மரத்தை நட்டு, பின்னர் அதைச் சுற்றித் தண்டவாளத்தை வளைப்பதே முறை. தண்டவாளத்தை இட்டபின் மிஞ்சிய இடத்தில் மரம் நடுவோரின் இன்ஜின்கள் அடிக்கடி தடம்புரள்வதற்குப் பாதையின் மேடுபள்ளமே காரணம் என்பர் பொறியியலார். அது அவர்கள் கருத்து.

அஞ்சற்பெட்டி பற்றிய வினாவும் எளிதன்று. 1922-இல் புதிய அரசு அமைந்தபின், பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சிவப்பு அஞ்சற்பெட்டிகள் பச்சையாக்கப்பட்டன. ஆனால் விக்டோரியா, ஏழாம் எட்வர்டு ஆகியோரின் முத்திரை எழுத்துகள் வார்ப்பிரும்பிலேயே இருந்தமையால் இன்றும் பல பெட்டிகளில் அவை பச்சைக்குள் நிற்கின்றன. ஏறத்தாழ இருபது மில்லிமீட்டர் உயரமே உள்ள மாதிரிப் பெட்டிக்கு நேரே பச்சை பூசுவதா, முதலில் சிவப்புப் பூசி அது காய்ந்தபின் அதன்மேல் பச்சை பூசுவதா? இறுதித் தோற்றம் ஒன்றே. எனினும் முன்னதில் பெட்டி மட்டுமே உள்ளது, பின்னதில் விடுதலையும் உள்ளது என்பதால் பின்னதே சிறந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

உரிப்பொருளுக்கு வருங்கால், முல்லைக்கு உரியது இருத்தல், அதாவது வருவேன் என்றவர் வரும்வரை ஆற்றிக் காத்திருத்தல். இதற்கு மேற்கு கிளேர் ரயிலைப்போல் இலக்கியச் சான்று வாய்ந்த பாதை வேறில்லை. பாடகரும், அதற்குமுன் கேவன் மாவட்டத்தில் வடிகால் ஆய்வாளராக இருந்தவருமான பெர்சி ஃப்ரெஞ்ச், 1896 ஆகஸ்டில் கில்கீயில் நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டு, ரயில் வழியில் நின்றுவிட்டதால் மிகத் தாமதமாகச் சேர்ந்து, அவையோர் கலைந்துவிட, ரயில்வேமீது வழக்குத் தொடுத்துப் பத்துப் பவுன் இழப்பீடு பெற்றார்; 1902-இல் அதே ரயிலை எள்ளி ‘ஆர் யே ரைட் தேர், மைக்கேல்’ என்னும் பாட்டையும் இயற்றினார். அதே பாதையில் குவில்ட்டி என்னும் நிலையத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று நிறுவப்பட்டு, காற்று அளவு கடந்தபோது ரயில்கள் நிறுத்தப்பட்டன. தலைவன் வாராமைக்கு வினை, பகை, பொருள் முதலிய காரணங்களை மட்டுமே அறிந்த நம் உரையாசிரியர்களுக்கு இது புதுச்செய்தி.

இதிலிருந்து ஒரு கடுமையான விளைவு பெறப்படும். மாதிரி ரயில் கண்காட்சிகளில் ஓயாது ரயில் ஓட்டுவதே வழக்கம். அசைவொன்றும் இல்லாத அமைப்பின் முன் நிற்போர் விரைவில் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவர். ஆனால் ஓயாது ஓடும் ரயில் முல்லைக்கு உரியதன்று. நான்கு மணி நேரத் தாமதம் ஒன்றை 76.2 ஆல் வகுத்தால் மூன்று நிமிடம் ஒன்பது விநாடி வரும். அவ்வளவு நேரம் சிக்னல் கை இறங்காமல், பாதை வெறுமையாக, நடைமேடையில் 23 மில்லிமீட்டர் உயர மனிதர் நால்வர் ஒரே திசையை நோக்கி நிற்க, மேசைக்கு இப்பால் காண்போரும் அத்திசையையே நோக்கி நின்றால் உரிப்பொருள் நிறைவெய்தியது எனலாம். மேலும், ரயில் அருகி வரும் பாதையில் புல் முளைக்கும். இரண்டு மில்லிமீட்டர் நைலான் இழை மெய்யளவில் ஆறங்குலப் புல்லாகும். அதைத் தண்டவாளங்களுக்கு இடையே அடர்த்தியாக ஒட்டிவிட்டால் இடைவெளி இருபத்தொன்றா பதினாறரையா என்று அளக்க எவர்க்கும் இயலாது. இருபத்தொன்றார் இத்தீர்வை ஏற்றிலர்.

புறனடை: மேற்கூறிய எவ்விதிக்கும் அடங்காதது, 1888 முதல் 1924 வரை கெரி மாவட்டத்தில் லிஸ்டோலுக்கும் பாலிபனியனுக்கும் இடையே ஓடிய லார்டீக் ரயில். நிலத்தினின்று உயர்ந்த தாங்கிகளின்மேல் ஒற்றைத் தண்டவாளம் செல்ல, கழுதைமேல் இட்ட இரட்டைப் பொதிபோல் பெட்டிகள் அதன் இருபுறமும் தொங்கியவாறு ஓடும் அமைப்பு இது. இருபுறப் பாரமும் ஒத்திராவிடின் பெட்டி சாயும். ஒருவர் பியானோ வாங்கியபோது எடைக்கு எடையாக மறுபுறம் பசு ஒன்றை ஏற்றினர் என்றும், அப்பசுவைத் திருப்பி அனுப்பக் கன்றுகள் இரண்டை எதிர்ப்புறம் ஏற்றினர் என்றும், அக்கன்றுகள் பக்கத்துக்கு ஒன்றாக ஊர் திரும்பின என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆகவே லார்டீக் அமைப்பைக் கட்டுவோர் பியானோ ஒன்றுக்குப் பசு ஒன்றும் கன்று இரண்டுமாகக் கணக்கிட்டு வாங்குக. தண்டவாளம் ஒன்றே ஆதலால் பாதை அகலம் என்பதே இங்கு இல்லை, இருபத்தொன்றாரும் பதினாறரையாரும் ஒரு மேசையில் அமரலாம் எனத் தோன்றும். அற்றன்று, தாங்கியின் கீழ்ப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வழிகாட்டித் தண்டவாளங்கள் இரண்டு உண்டு, அவற்றுக்கும் ஓர் இடைவெளி உண்டு.