கண்டியில ஏசி எதுக்கு?

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கடுகண்ணாவை ஏறியதும் கார்க் கண்ணாடியை இறக்கி, மூக்கை வெளியே நீட்டி, "ஆ, என்ன குளிர்!" என்பார்கள். அந்தக் குளிருக்கு உரிமைக்காரர்கள் நாங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் குடியிருக்கிறோம் என்பதற்காகவே கண்டிக்காரனுக்கு வியர்க்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் சட்டை நனைந்தாலும் தூறல் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் என் காருக்கு ஏசி திருத்தப் போவதாகச் சொன்னேன். நுவரெலியாவுக்கு ஐஸ் கட்டி சுமந்து போகிறவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் கனிவோடு பார்த்தார்கள்.

கார், 1990ஆம் ஆண்டு டொயோட்டா எம்.ஆர்.2. இரண்டே இருக்கை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். சுவிட்சைத் தட்டினால் முகப்பு விளக்குகள் தவளைக் கண்போல எழும்பும். 1984இல் இதன் மூத்த தலைமுறை வந்தபோது, ஜப்பான் பெருமளவில் தயாரித்த முதல் நடு எஞ்சின் கார் என்று பெயரெடுத்தது. நான் வாலிபத்தில் ஆசைப்பட்டு, வழுக்கை விழுந்த பிறகு வாங்கினேன். ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் இதை விற்கலாமா என்று நினைத்தபோதெல்லாம் பழைய கார்களின் விலை ஏறியது. நாளைக்கு இன்னும் ஏறும் என்று மனைவியிடம் சொல்லியே வைத்துக்கொண்டேன்.

ஏசிப் பொத்தானை அமுக்கினால் விளக்கு மட்டும் எரியும். மழைக்காலத்தில் முன் கண்ணாடி உட்புறமாக மூடிக்கொள்ளும். அதற்காக இடப்பக்கம் இருக்கும் மனைவியின் மடியில் எப்போதும் ஒரு பழைய துவாய். நான் "ம்" என்றால் அவள் துடைப்பாள். இந்த ஏற்பாடு பல வருஷம் குறையில்லாமல் நடந்தது.

குறை வெயில் காலத்தில்தான். கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை. நடுவே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த குளம். குளத்தைச் சுற்றி பஸ். புகைக்கு வெளியே போக வழியில்லாததால் அதுவும் எங்களோடு குடியிருக்கிறது. கண்ணாடியை இறக்கினால், என் கார் இருக்கிற உயரத்துக்கு, பஸ்ஸின் புகைக்குழாய் நேரே காதில் இரகசியம் பேசும்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜ். கராஜ்கார நானா பொனட்டைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை. மூடிவிட்டுப் பின்னால் போனார்.

"சேர், இதுல கேஸ் இல்ல."

"போட்டுடுவோம் நானா."

"எந்த கேஸ்?"

விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது. இந்தக் கார் பிறந்தபோது அதன் வயிற்றில் இருந்தது ஆர்-12. நஞ்சுமில்லை, தீப்பிடிக்காது. அதைக் காட்டுவதற்காக அமெரிக்கர் தோமஸ் மிட்ஜ்லி 1930இல் சபை நடுவே அந்த வாயுவை இழுத்து, ஊதி, மெழுகுதிரியை அணைத்தார். மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகாயத்துக்குத்தான் ஆனது. இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987இல் மொன்றியலில் உலக நாடுகள் கூடி அவற்றைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. 1995இல் இருவருக்கும் இன்னொருவருக்குமாக நோபல் பரிசு. ஆக, என் காருக்கு கேஸ் போட முடியாமல் போனதன் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது. ஊரில் வேறு எவன் காருக்கு இந்தப் பெருமை உண்டு?

இப்போது கிடைப்பது ஆர்-134ஏ. அதற்குக் கம்ப்ரஸரின் பழைய எண்ணெய் ஒத்துவராது. எண்ணெயை மாற்றினால் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். குழாய்த் தொகுதியைத் திறந்தால் ட்ரையரையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அதன் வேலையே ஈரத்தைக் குடிப்பது, காற்றுப் பட்டால் வயிறு முட்டக் குடித்துவிடும். நானா சுருக்கமாகச் சொன்னார்: "மாப்பிள்ளைய மாத்தினா பந்தல்காரன் வரைக்கும் புதுசா பேசணும் சேர்."

அதோடு இந்தக் காரின் உடலமைப்பு வேறு. கம்ப்ரஸர் எஞ்சினோடு முதுகுப் பக்கம். சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் மூக்கு நுனியில். கூலிங் கொயில் டேஷ்போர்டுக்கு அடியில். கேஸ் பின்னாலிருந்து கிளம்பி, காரின் அடிவயிறு நெடுகப் போய், முன்னால் ஆறி, உள்ளே குளிர்ந்து, மறுபடி பின்னால் வர வேண்டும். கந்தோர் கந்தோராக அலையும் கோப்பு மாதிரி. எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்க நைட்ரஜனை ஏற்றி, சவர்க்கார நுரை பூசினோம். ஒரு மூட்டில் குமிழி வந்தது. அடுத்ததில் இரண்டு. கொஞ்ச நேரத்தில் கராஜ் பிறந்தநாள் வீடு மாதிரி ஆனது.

கம்ப்ரஸரும் போய்விட்டிருந்தது. பாவித்த சாமான் தேடி, பழையதை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ரயிலேறினேன். பக்கத்தில் இருந்தவர் சாக்கைத் தடவிப் பார்த்தார்.

"பலாக்காயா?"

"ஏசிக் கம்ப்ரஸர்."

"கடைக்கா?"

"காருக்கு."

"எந்த ஊர்?"

"கண்டி."

ரம்புக்கனை வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. பிறகு மனசு பொறுக்காமல் கேட்டார்: "கண்டியில ஏசி எதுக்கு?"

பஞ்சிகாவத்தையில் இல்லாத வாகன உறுப்பு உலகத்திலேயே இல்லை என்பார்கள். கடைக்காரர் என் சாமானைக் கையில் வாங்கி, காலமான பெரியப்பாவின் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூன்றாவது கடையில் அதன் சாயலில் ஒன்று கிடைத்தது. மூன்று போல்ட் துளைகளில் இரண்டு பொருந்தின. மூன்றாவதுக்கு நானா ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் பண்ணி உறவு ஏற்படுத்தினார்.

கூலிங் கொயிலை எடுக்க டேஷ்போர்டை முழுதாகக் கழற்ற வேண்டியிருந்தது. கொயில்மேல் தலையணைக்குப் போதுமான தூசி. அதற்குள் நடுவில் ஓட்டையுள்ள ஐந்து யென் நாணயம் ஒன்று. இத்தனை மாதச் செலவில் எனக்குக் கிடைத்த ஒரே வரவு. பூட்டி முடித்தபோது நாலு திருகாணி மிஞ்சியது. "ஜப்பான்காரன் தாராள மனசுக்காரன் சேர்," என்றார் நானா. அப்படியே ஹீட்டருக்குப் போகும் சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டினார். "இதுவும் ஒழுகப் பாக்குது. அடைச்சிடுறேன். இந்த நாட்டுல ஹீட்டர் எதுக்கு?" நானும் சிரித்துத் தலையாட்டினேன். இவ்வளவு நாளும் ஊர் என்னைக் கேட்ட கேள்வி அது என்பது அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. மனைவியைச் சமாதானப்படுத்த பெக்கார்ட் கதையைச் சொன்னேன். 1940இல் முதன்முதலாக ஏசி வைத்து விற்ற அமெரிக்கக் கார் அது. டிக்கியில் பாதியை ஏசியே பிடித்துக்கொள்ளும். நிறுத்த ஒரு சுவிட்சும் கிடையாது. குளிர் தாங்காவிட்டால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். "அந்த மனுஷனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா, பாவம்," என்றாள்.

கடைசி நாள் நானா வெற்றிடப் பம்பை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டார். காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டால், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அடுப்பில்லாமலே கொதித்து ஆவியாகிப் போகும். நாங்கள் அந்த நேரத்தில் பிளேன்டீ குடித்தோம். பிறகு கேஸ் ஏறியது. பின்னால் கிளட்ச் 'டக்'கென்று பிடித்தது. குளிர் வந்தது. கராஜ் பையன்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் கேகாலையில் ஒரு கலியாணம். திரும்பும்போது இருட்டு, கடுகண்ணாவையில் அடைமழை. பாதை போட்ட கப்டன் டோசனுக்காக 1832இல் எழுப்பிய கோபுரம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. முன் கண்ணாடி வெள்ளைச் சுவர். மனைவி துவாயை எடுத்தாள். நான் கையால் மறித்து, பொத்தானை அமுக்கினேன். கீழ் ஓரத்திலிருந்து கண்ணாடி தெளிய ஆரம்பித்தது. ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து காருக்கடியில் சொட்டவிடுகிறது, மலைநாட்டுக்கு அதுதான் முக்கியம் என்று விளக்கினேன். ஏசி எதற்கு என்று கேட்ட ஊர் முழுவதற்குமாகச் சேர்த்து விளக்கினேன். பாதை துல்லியமாகத் தெரிந்தது. வேலையிழந்த துவாயை அவள் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

இரண்டு வளைவு போனதும் சொன்னாள்: "குளிருதுங்க. ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்களேன்."

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் ஏசியை நிறுத்தினேன். கண்ணாடி மெதுவாக மூடிக்கொண்டது. அவள் கழுத்திலிருந்து துவாயை அவிழ்த்தாள். நான் "ம்" என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.