கிலோ என்ன விலை?

எங்கள் வீட்டில் இரண்டு தொழில். நிலக்கோட்டைப் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். வீட்டுப் பின்கட்டில் என் மனைவிக்கு ஒரு கேக் அடுப்பு. இரண்டுக்கும் நடுவில், பைக்கோடு நிற்கும் சம்பளமில்லாத ஆள் நான். விடியற்காலையில் பெட்ரோல் டேங்க் மேல் பூ மூட்டை, சாயங்காலம் அதே டேங்க் மேல் கேக் பெட்டி. பூ மூட்டை சரிந்தால் தட்டிவிட்டுத் தூக்கி வைத்துக்கொண்டு போகலாம். கேக் பெட்டியோடு வேகத்தடையைத் தாண்டும்போதுதான் எனக்கு தெய்வ பக்தி வரும்.

அப்பா மண்டியிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே தினமும் மருமகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தாயி, இன்னைக்கு கேக் கிலோ என்ன விலை?"

"நேத்து வித்த விலைதான் மாமா."

அவரால் இதை நம்பவே முடிவதில்லை. அவருக்குத் தெரிந்த சரக்கு எதுவும் நேற்றைய விலைக்கு இன்று விற்றதில்லை. ஆறு மணிக்கு ஒரு விலை போன பூ, ஒன்பது மணிக்கு வேறு விலை போகும். பங்குனி கடைசியிலிருந்து வெயில் ஏற ஏற, செடி இலை தெரியாமல் மொக்குத் தள்ளும். எத்தனை ஆள் விட்டுப் பறித்தாலும் தீராது. மண்டியில் கேட்க ஆளிருக்காது. மிச்சத்தை சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் அள்ளிப் போவார்கள். பறிப்புக் கூலி போகக் கையில் நிற்பது டீக்காசு. அதே பூ தை முகூர்த்தத்தில் கிலோ மூவாயிரத்தைத் தாண்டும். ஆனால் அப்போது நம் செடியில் இலைதான் இருக்கும். மல்லிகைக்கு வெயில் வேண்டும், பனி ஆகாது. நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டிவிட்டால்தான் சித்திரையில் ஒழுங்காகப் பூக்கும். அதாவது நல்ல விலை வரும் நேரமாகப் பார்த்துச் செடியை மொட்டையடிக்கிற தொழில் இது.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாற்று என்னவோ ராமேஸ்வரம் தீவுத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. பேர் மதுரைக்கு, நாற்று தங்கச்சிமடத்துக்கு, நாலு மணிக்கு எழுந்து டார்ச் லைட்டோடு பறிப்பது எங்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், விலை நிலையில்லாத பூவுக்கு மண்டியில் யாரும் பேரம் பேசுவதில்லை. கமிஷன் கடைக்காரர் சொன்னதுதான் விலை. அதிலும் நூற்றுக்குப் பத்து அவருக்கு. அப்பா இத்தனை வருஷத்தில் தன் பூவுக்குத் தானே விலை சொன்னது கிடையாது. கேக்குக்கு அட்டையில் விலை அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, "சரி, கடைசியா எவ்வளவு?" என்கிறார்கள். "மாவும் முட்டையும்தானே!" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். மல்லிகையை யாரும் "மண்ணும் தண்ணியும்தானே" என்று சொல்லிக் கேட்டதில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று வந்த நாளில் அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 14 இலக்க எண். "ஒன்றரை ஏக்கரு நெலத்துக்கே சர்வே நம்பரு மூணு எழுத்துதான்ப்பா. இந்தச் சின்ன அடுப்புக்கு இவ்வளவா?" அன்றிலிருந்து அடுப்பின் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை.

மரியாதை இருந்தாலும் ஃப்ரிட்ஜ் விஷயத்தில் சண்டை ஓயவில்லை. விலை விழுந்த ஒரு நாள் அப்பா ரெண்டு கிலோ பூவை ஈரத்துணியில் சுற்றி, மனைவியின் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெண்ணெய் வாசனையை இழுத்துக்கொள்ளும் சாதி. பிரான்ஸ் நாட்டு கிராஸ் ஊரில் அந்தக் காலத்தில் கொழுப்பின் மேல் மல்லிகையைப் பரப்பித்தான் வாசனை எடுத்தார்களாம். எங்கள் வீட்டில் அந்தத் தொழில்நுட்பம் ஒரே ராத்திரியில் வெற்றி பெற்றது. மறுநாள் சாக்லேட் கேக் வாங்கிய வீட்டிலிருந்து போன்: "கேக் நல்லாத்தான்க்கா இருக்கு. வாயில வச்சா கல்யாண மண்டபத்துக்குள்ள போன மாதிரி இருக்கு."

"தோட்டமே உங்களுது, நிஜப் பூவையே வச்சுக் குடுங்களேன்" என்பவர்களும் உண்டு. மனைவி முடியாது என்றுவிடுவாள். மொட்டுப்புழுவுக்கும் செம்பேனுக்கும் நாங்கள் அடிக்கும் மருந்து அவளுக்குத் தெரியும். தலையில் வைக்கிற பூ வேறு, தட்டில் வைக்கிற பூ வேறு. பதிலுக்கு கிரீமைக் கூம்புப் பையில் அடைத்து, இதழ் இதழாகப் பிழிந்து ரோஜா செய்வாள். நுனி மெலிந்து, ஓரம் லேசாக மடிந்து, நிஜத்தைவிட நன்றாக இருக்கும். அப்பா கதவோரம் நின்று பார்ப்பார். "வீட்டைச் சுத்திப் பூக்காடு. உள்ள உக்காந்து வெண்ணெயில பூப் பண்ணுது எம் மருமக. அதுதான் காசும் ஆகுது."

ஆர்டர் நோட்டுதான் அவரை அதிகம் குழப்பியது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டி ஈயாடும். ஆடியில் புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போவதே சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான். அந்தக் கணக்கில் சித்திரையில் பிறந்தநாள் கேக்கே விற்கக் கூடாது. நோட்டைப் புரட்டினால் சித்திரைப் பக்கம் நிரம்பி வழிகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஊர்ல ஒரு பய சொல்பேச்சு கேக்கல."

அடுத்து வைகாசி, ஆனியில் அறுபது, எழுபது வயசுக்காரர்களின் கேக். இவர்கள் நிஜமாக எப்போது பிறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தோதாக எழுதி வைத்த தேதியில் பேரன்கள் இப்போது மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். புரட்டாசியில் ஊரே முட்டையை விட்டுவிடும். கேக்கும் விரதம் இருக்கும். ஆயுத பூஜைக்கு அடுப்புக்கு அப்பாவே செவ்வந்தி மாலை போட்டார். வெப்பம் வைக்கும் திருகில் சந்தனம் அப்பி, எத்தனை டிகிரி என்பதை இன்றுவரை உத்தேசமாகத்தான் படிக்கிறோம்.

மார்கழி வந்தது. செடியெல்லாம் வெட்டிக் கிடக்க, அப்பாவுக்கு வேலையில்லை. பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸ். பிளம் கேக் வாங்க வாசலில் வண்டிகள் நிற்க, மனைவி இரண்டு கையிலும் மாவோடு இருந்தாள். டிசம்பர் 24 மத்தியானம் போன் அடித்தது. அப்பா எடுத்தார். எதிர்முனையில் இருந்தவர் வருஷம் முழுக்க எங்களிடம் ஐம்பது ரூபாயாவது குறைக்காமல் வாங்காதவர். கிலோ 900 என்று அட்டையில் இருக்கிறது, குறைத்துக்கொள்வீர்களா என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு வரத்துக் கம்மிங்க. காலையில 900 போச்சு. இப்ப 1100. சாயங்காலம் எப்படிப் போகும்னு என்னால சொல்ல முடியாது."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு, "ரெண்டு கிலோ எடுத்து வைங்க அண்ணாச்சி, இந்தா கெளம்பிட்டேன்."

அப்பா போனை வைத்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.

"தாயி, ரெண்டாயிரத்து இருநூறு. நூத்துக்குப் பத்து, எனக்கு இருநூத்தி இருபது எடுத்து வச்சிரு."