ஜப்லாவுக்கு ஒரு வீடு

ஏளா, கோவப்படாத. கட்டிலுக்கு அடியில இருக்குற பொட்டியத் தொறந்துட்டேன். போர்வை தேடித்தான் தொறந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே வந்த கெழவி, ஒரு போர்வைக்குக் கூடவா உங்கிட்ட அனுமதி வாங்கணும்? உள்ள போர்வையும் இல்ல, பாயும் இல்ல. ஜப்லா. ஜப்லாவுக்கு அடியில இன்னும் ஜப்லா. அதுக்கும் அடியில சோடி இல்லாத சாக்ஸு ஒரு குவியல். உன் மகன் புத்தகப் பையத் தூக்கிக்கிட்டு வேன் ஏறிப் போறான், அவன் பொறந்தன்னைக்குப் போட்ட குல்லா இங்க மெத்தைக்கடியில பத்திரமாத் தூங்குது. மாப்பிள்ளை சட்டை மட்டும் குளியலறை ஆணியில தொங்குது, பாவம்.

நான் குத்தம் சொல்லலத்தா. செய்யுதத இன்னும் திருத்தமாச் செய்யின்னுதான் சொல்லுதேன். ஒத்த பெட்ரூம் வீட்டுல மூணு பேரு எதுக்கு? மாப்பிள்ளைய ஆபீஸ்லயே படுத்துக்கிடச் சொல்லு, அந்த எடத்துல ஸ்வெட்டர அடுக்கிரலாம். பிரிட்ஜுல தக்காளி வைக்குற தட்டுல கையுறைய வை, வாடாது. மாசாமாசம் வாடகைய எண்ணிக் குடுக்குதியே, அதுல பாதி இந்தத் துணிக்குத்தான். கரண்டு பில்லையும் அதுங்க பேருக்கே மாத்திரு, முறையா இருக்கும்.

எதுக்குளா வச்சிருக்கன்னு நேத்துக் கேட்டேன். “இன்னொண்ணு வந்தா வேணும்ல ஆச்சி”ன்ன. சரி, இன்னொண்ணு எப்பன்னு கேட்டேன். “வீட்டுல எடமே இல்லையே ஆச்சி”ன்ன. எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்குறது யாருன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல. காப்பி ஆறிப் போச்சு.

பிள்ளை வளருற வேகம் உனக்குத் தெரியாததா? 3 கிலோவுல பொறந்தது அஞ்சாறு மாசத்துல ரெண்டு பங்காகும், வருசம் திரும்புறதுக்குள்ள மூணு பங்கு ஆயிரும். 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆயிரும். ஊசி போடுத நர்ஸம்மா அட்டையில குறிச்சுக் குடுத்தாளே, படிச்சவதானே நீ? அப்படியும் பிள்ளை பாக்க வந்தவுக அம்புட்டுப் பேரும் ‘0-3 மாசம்’னு சீட்டு ஒட்டுன சட்டையாத்தான் வாங்கியாந்தாக. சின்னதா இருந்தா அழகா இருக்குல்லா! பாதிச் சட்டை இன்னும் மடிப்பே கலையல, நான் பிரிச்சுப் பாத்தேன்.

எங்க காலத்துல பச்சப்பிள்ளைக்கு எடுத்த எடுப்புலயே புதுத்துணி போடமாட்டோம். தாத்தா கட்டிக் கட்டி நைஞ்ச வேட்டியக் கிழிச்சுச் சுத்துவோம். சட்டைன்னா, நல்லா வளந்த பிள்ளை இருக்குற வீடாப் பாத்து ஒரு பழசு கேட்டு வாங்கியாருவோம். சாங்கியமும் இருக்கு, விசயமும் இருக்கு. தோய்க்கத் தோய்க்கத்தானே நூல் துணி மெதுவாகும், பிள்ளை தோல்ல உறுத்தாது. உங்கம்மா முதல்ல போட்டது மேலத்தெரு அத்தை மகன் சட்டை. அவனுக்கு முன்னால எவன் போட்டானோ, பட்டன் மட்டும் ஒண்ணு பச்ச, ஒண்ணு வெள்ள. உங்கம்மாவுக்குச் சிறுத்ததும் கிணத்தடி வீட்டுக்காரி வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. துணி வீட்டுல தங்குனாத்தானே பரணுக்கு வேலை?

வச்சுத்தான் ஆவேன்னா சரி, வையி. ஆனா அந்துருண்டையப் போட்டிருக்க பாரு, அதுக்கு மட்டும் எனக்கு நெசமாவே கோவம். இதுல வெளையாட்டு இல்ல. சில பிள்ளைக ரத்தத்துல ஜி-6-பி-டின்னு ஒரு நொதி கொறவா இருக்குமாம். அந்துருண்டை நெடி ஏறுன துணியப் போட்டா ரத்தம் உடைஞ்சு மஞ்சக்காமாலையே வந்துரும். கொறவு இருக்கா இல்லையான்னு பிள்ளை நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. அதப் பொறுக்கித் தூரப் போட்டுட்டு, நல்லாக் காஞ்ச வேப்பிலையும் வசம்பும் துணியில முடிஞ்சு போடு. கஞ்சி மட்டும் போட்டுறாத, ராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் நீயே பந்தி வச்சாப்புல ஆயிரும்.

பால் கக்குன சட்டை தோச்சதும் வெள்ளையாத்தான் தெரியும். உள்ள தங்குன கொழுப்பு அடுத்த வருசம் மஞ்சளாப் பல்லக் காட்டும். அதனால சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுத் தோச்சு, மொட்ட மாடி வெயில்ல சுள்ளுனு காய வச்ச பெறவு மடி. இந்த மெட்ராசுக் காத்துல அரைக் காச்சலாப் பிளாஸ்டிக் பையில கட்டுனா பூஞ்சணம்தான் பிடிக்கும். எலாஸ்டிக் வச்ச நிக்கர வச்சிருந்து புண்ணியமே இல்ல, நாலஞ்சு வருசத்துல ரப்பர் செத்துரும். இழுத்தா மொறுமொறுங்கும். எடத்துக்கா பஞ்சம்? ஊருக்குப் போற சூட்கேசு வருசம் முழுக்கக் காத்தத்தானே சுமந்துக்கிட்டு நிக்குது, அதுக்குள்ள அடுக்கு. மிச்சத்தத் தலையணை உறையில அடைச்சுத் தைச்சுத் தலைக்கு வச்சுக்க.

மொட்ட போட்டன்னைக்கு உடுத்துன பட்டுத் துண்டு இருக்கட்டும். தொட்டில் கட்டுன சேலையும் இருக்கட்டும். அதப் பிள்ளை ஞாபகத்துக்குன்னு நினைச்சுக்கிடாத. அது என் சின்னாளப்பட்டிச் சேலை, கிழியாமத் திருப்பித் தருவேன்னுதான் வாங்கிட்டு வந்த.

இன்னொரு விசயம். நீ குளிக்கப் போயிருந்தப்போ கீழ வாட்ச்மேன் மருமக வந்தா. நெறமாசம். “சின்னத் துணி ஏதும் இருக்குமா ஆச்சி”ன்னு அவளாத்தான் கேட்டா, நான் வாயத் தொறக்கல. உன்னக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன், நீ தலைக்கு ஊத்துனா லேசுல வெளிய வரமாட்டியே. ரெண்டு பை போயிருக்கு. கிழிசல், கறை ஒண்ணும் அதுல இல்ல. அதெல்லாம் கரித்துணிக்கு வெட்டி உன் அடுப்படியில போட்டிருக்கேன். பிள்ளைக்குச் சிறுத்ததும் அடுத்தவளுக்குக் குடுத்துரணும்னு அவகிட்ட சொல்லியும் விட்டுட்டேன்.

பொட்டி பாதி காலி. என் பாயும் வெத்தலச் செல்லமும் அதுல அளவெடுத்தாப்புல உக்காந்துட்டு. தை வரைக்கும் இருக்கலாம்னு இருக்கேன், மாப்பிள்ளைகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு.