கெண்டை வளர்த்த ஏரிக்குக் கவிஞர் பெயர்

அன்புள்ள மாமாவுக்கு,

அமிர்தி அருவியில் தண்ணீர் விழுகிறதா? பிராகில் நல்ல குளிர். ஆம்பூர் தோல் ஷாப்பு வாடை இல்லாமல் ஆரம்பத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பாட்டா நம்ம தேசத்துக் கம்பெனி என்று டீக்கடையில் பந்தயம் கட்டினீர்களே, தோற்றுவிட்டீர்கள். 1894-இல் இந்த நாட்டு ஸ்லீன் நகரில் ஆரம்பித்ததாம். பணத்தை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

கூட வேலை பார்க்கிறவர், "வா, காதல் சீமையைக் காட்டுகிறேன்" என்று டோக்ஸி என்ற ஊருக்கு ரயிலேற்றினார். பைன் காடு, மணல் கரை, நடுவில் மாஹா ஏரி. பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். கரை கட்டிய தண்ணீரை வேலூர்க்காரனிடம் மறைக்க முடியுமா? விசாரித்தால், 1366-இல் நான்காம் சார்லஸ் மன்னர் மீன் வளர்க்க உண்டாக்கிய ஏரி! சுமார் 700 ஏக்கர். இங்கே கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன்தான் விருந்து. தெருமுனையில் தொட்டி வைத்து உயிரோடு விற்பார்கள். சில வீடுகளில் அதைக் குளியல் தொட்டியில் விட்டுவைப்பது வழக்கமாம். பண்டிகை வரை குளிப்பது யார் என்று கேட்க வாய் வரவில்லை.

அந்த மீன் ஏரிக்குத்தான் கரேல் ஹினெக் மாஹா என்ற கவிஞர் பெயரைப் பிற்பாடு வைத்திருக்கிறார்கள். கோட்டை கோட்டையாகக் கால்நடையாய்ச் சுற்றி, பார்த்தவற்றுக்கெல்லாம் பட்டியல் எழுதி வைத்த மனுஷன். இந்த ஏரிக்கரையைக் களமாக வைத்துத்தான் 'மாய்' என்ற காதல் காவியத்தை எழுதினார். 1836-இல் கைக்காசு போட்டு அச்சடித்தார். விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். அதே வருஷம் நவம்பரில், கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தபோது, 25 வயதில் இறந்துபோனார். முகூர்த்த நாளன்றே அடக்கம். இப்போது மே முதல் தேதி பிராகில் அவர் சிலைக்கு ஜோடி ஜோடியாகப் பூ வைக்கிறார்கள், முத்தமும் உண்டு. தாலி கட்டக் கொடுத்து வைக்காதவர் காதலர்களுக்குக் குலதெய்வம்! நீங்கள் என்றால் ஜாதகம் சரியில்லை என்று அந்தப் பக்கமே போகமாட்டீர்கள்.

பக்கத்து மலைமேல் பெஸ்த்யெஸ் கோட்டை. ஏறியதில் முழங்கால் கழன்றது. இரண்டாம் ஒட்டகார் மன்னர் கட்டியது. அவர் 1278-இல் போரில் செத்ததும், அவர் பிள்ளையையும் ராணியையும் காப்பாளராக வந்த பிராண்டன்பர்க்காரர் அங்கேயே அடைத்து வைத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னால் ராஜாவானான். கூட வந்தவர் கண் கலங்கச் சொன்னார். நானும் விடவில்லை. "எங்கள் வேலூர்க் கோட்டையில் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையே குடும்பத்தோடு சிறை வைத்திருந்தார்கள், 1832-இல் அங்கேயே இறந்தார்" என்றேன். அசந்துவிட்டார். அடுத்த வருஷம் வேலூர் வருகிறாராம், நீங்கள்தான் சுற்றிக் காட்டவேண்டும் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மாமா, இந்த ஞாயிறு பிரியாணிக்கு முன்னால் பாலாற்றங்கரையில் அந்தக் கண்டி ராஜாவின் நினைவிடமான முத்து மண்டபத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்