முட்டுக்காட்டுக்குப் படகு, நெட்டுக்குப்பத்துக்குச் சாம்பல்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சென்னைக்காரர் கார் தானாகவே தெற்கே திரும்பும். முட்டுக்காட்டில் படகுத்துறை இருக்கிறது, மிதக்கும் உணவகம் இருக்கிறது, பிள்ளைகள் கை கொட்டுவதற்குத் தண்ணீர் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் அங்கேயும் ஓடுகிறது, வடக்கே எண்ணூரிலும் ஓடுகிறது. அங்கேயும் கழிமுகம், இங்கேயும் கழிமுகம். எண்ணூரின் நெட்டுக்குப்பத்துக்கு மட்டும் அரசாங்கம் ஒன்றும் தரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. குழாய் தந்திருக்கிறது.

அனல்மின் நிலையச் சாம்பலைக் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குக் கொண்டுபோகிற குழாய்கள் அவை. கொசஸ்தலையாற்றைத் தாண்டும்போது அடிக்கடி கசியும். ஆற்றில் இறங்கினால் மணல் இருந்த இடத்தில் கால் சாம்பல் சேற்றில் புதைகிறது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களின் விரலிடுக்கில் வழிவதும் அதே சேறுதான். இறால் மாட்டினால் அவர்கள் அதிர்ஷ்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்துச் சொல்லும்வரை இறாலும் காத்திருக்க வேண்டியதுதானே?

வெள்ளைக்காரனுக்கு இந்த இடத்தின் அருமை தெரிந்திருந்தது. சென்னையிலிருந்து வெட்டிய கால்வாய் 1806-ல் எண்ணூரை எட்டியது. துரைமார் காற்று வாங்க இங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள். நாம் சுதந்திரம் வாங்கினோம், காற்றை விட்டுவிட்டோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. கழிமுகம் கறுத்தது, கூழைக்கடாவின் இறக்கையும் கறுத்தது. ராக்கெட் விடுகிற நாடு எண்ணெயை அள்ள மீனவர் கையில் குவளையும் வாளியும் கொடுத்தது. இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய 2017-லும் அதே வாளிதான். ஆறு வருடத்தில் அதற்கு ஒரு மூடிகூடப் போடவில்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, படகுக்கு ரூ.10,000 நிவாரணம். வலையைக் கழுவினாலும் போகாத எண்ணெய்க்கு இதுதான் விலை.

இத்தனைக்கும் இது கேட்பாரற்ற இடமல்ல. 1996-ல் நடுவண் அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் பத்திரமாக இருந்தது. பிறகு அதிகாரிகள் கையில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் காணாமல் போனது. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்தபோது சிரித்தோமே, இங்கே ஆற்றையே காணோம். புகாரை வாங்க வேண்டியவர் கையில்தான் அந்த வரைபடமும் இருந்தது.

450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். மூச்சு விடலாம் என்று நினைப்பதற்குள் 660 மெகாவாட்டுக்கு விரிவாக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் எல்லாருக்கும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. அடுத்த நிலையத்தை முட்டுக்காட்டுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஈசிஆர் பங்களாக்காரர்களைக் கூப்பிடுங்கள். பந்தலுக்குள் போலீஸ் எத்தனை பேர், மக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க நெட்டுக்குப்பத்திலிருந்து நாங்கள் வருகிறோம்.