பாஹா வண்டி செய்வது எப்படி?

தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிறீர்கள், மூன்றாம் வருடம் ஆகியும் கையில் கிரீஸ் படவில்லை. கவலை வேண்டாம், பாஹா டீம் தொடங்குங்கள். 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பிறந்த போட்டி இது. 2007-ல் இந்தியாவுக்கு வந்தது. ஒருவர் உட்காரும் வண்டியை மாணவர்களே செய்து, இந்தூர் பக்கத்துப் பீதம்பூர் வரை கொண்டுபோய், மேடு பள்ளத்தில் நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

ஆள் சேர்ப்பது சுலபம். கேப்டன், வைஸ் கேப்டன், சஸ்பென்ஷன் ஹெட், பிரேக் ஹெட், மார்க்கெட்டிங் ஹெட் என்று பதவிகளைப் பங்கு போடுங்கள். பதவி கிடைக்காத ஜூனியர் பைப் அறுக்கட்டும். டி-ஷர்ட் முதல் வாரமே வந்துவிட வேண்டும். சேஸி மெதுவாக வரும்.

டிரைவரைக் காக்கும் கூடான ரோல் கேஜுக்கு 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனத்தில் பைப் வாங்கலாம். கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கம்ப்யூட்டரில், ஆன்சிஸ் சாஃப்ட்வேரில் மோதவிட்டுப் பாருங்கள். தாங்காது என்று சிவப்பாகத் தெரிகிற இடமெல்லாம் நீலமாகும்வரை லோடைக் குறைத்துக்கொண்டே வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு வெல்டிங்குக்குப் பட்டறை. அங்கே இருக்கிற அண்ணன் பைப்பைத் தட்டிப் பார்த்து, "இந்த ஜாயின்ட்டு விட்டுரும் தம்பி" என்பார். டிராக்டருக்குக் கேஜ் வீலும் டிரெய்லரும் ஒட்டியே தலை நரைத்தவர், ஆன்சிஸ் தெரியாது. காதில் வாங்காதீர்கள். அதே ஜாயின்ட் விட்ட பிறகு அவரிடமே போய் ஒரு தகடு வைத்து ஒட்டிக்கொண்டு, டிசைன் ரிப்போர்ட்டில் 'ஆப்டிமைசேஷன்' என்று எழுதிவிடுங்கள்.

டெஸ்டிங்தான் சிக்கல். மலையேற்றப் போட்டி உண்டு. தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? வல்லத்துச் செம்மண் மேடு, விட்டால் புது ஆற்றங்கரை. சேற்றுக்குப் பஞ்சமில்லை என்று தொழி அடித்த வயலில் மட்டும் இறக்காதீர்கள். டிராக்டரே கேஜ் வீல் மாட்டிக்கொண்டு இறங்குகிற இடம் அது. உங்கள் வண்டி வயிறு பதிய உட்கார்ந்துவிடும். இழுக்க அதே டிராக்டர்தான் வரும், வாடகையோடு.

போட்டியில் சோதனைகளும் உண்டு. பிரேக் மிதித்தால் நாலு சக்கரமும் ஒன்றாக லாக் ஆக வேண்டும். மூன்று நின்று ஒன்று உருண்டால் ஃபெயில். டிரைவர் பெல்ட்டை அவிழ்த்து 5 விநாடியில் வெளியே குதிக்க வேண்டும். அதனால் ஓட்டத் தெரிந்தவனைவிட ஒல்லியானவனைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம்.

கடைசியாக, வீட்டில் பணம் கேட்பது. போட்டி பெரும்பாலும் தை, மாசி வாக்கில், சம்பா அறுவடையோடு வரும். அறுப்பு மிஷினுக்கு வாடகை கொடுத்த கையோடு நிற்கிற அப்பாவிடம் போய்க் கேளுங்கள்.

"இது உழுமா?"

"உழாதுப்பா."

"ரோட்ல போவுமா?"

"நம்பர் பிளேட் கிடையாதுப்பா."

"எஞ்சின் எத்தனை ஹெச்பி?"

"பத்து. எல்லா டீமுக்கும் அதே எஞ்சின்தான், கை வைக்கக் கூடாது."

"நம்ம பவர் டில்லரே பதிமூணுடா."

இந்த இடத்தில் வாதாடாதீர்கள். அம்மாவிடம் போங்கள்.