வாத்தியக் கடைக்கு வாரிசாவது எப்படி?

முதல் தேவை பாரம்பரியம். கைவசம் இல்லையென்றால் கவலை வேண்டாம், ஓசூரில் அது நாற்பது வருஷத்தில் தயாராகிவிடும். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், மிஸ்க்வித் என்ற பெயரில் 1842-ல் தொடங்கிய கடை. அவர்கள் பாரம்பரியம் என்று சொன்னால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரம் கடைந்து நாதஸ்வரம் செய்கிறவர்களுக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. உங்கள் கதை வேறு. எண்பதுகளில் ஊரெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்கு வரிசை கட்டியபோது உங்கள் அப்பாவும் நின்றார், எடுக்கவில்லை. கூத்துக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட ஆர்மோனிய ரிப்பேரை நம்பி பாகலூர் ரோட்டில் ஓர் அறையைப் பிடித்தார். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லக் கூடாது. ‘மூணு தலைமுறையா இதுதான் தொழில்’ என்றே சொல்லிப் பழகுங்கள். தாத்தா எப்போதாவது திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ஜால்ரா தட்டியிருந்தால் அவரே முதல் தலைமுறை. கணக்கு சரியாகிவிடும்.

அடுத்து மொழி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவரிடம் கன்னடம், தோல் வியாபாரியிடம் உருது என்ற நாலும் போதும் என்று அப்பா நினைத்தார். இப்போது இந்தியும் வேண்டும். தொழிற்சாலைகளுக்கு வந்த பீகார், ஒடிசா பையன்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு பேராக வந்து டோலக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். நாலு பேருமே வாசிப்பார்கள், அதுவும் நன்றாக. அப்போது கல்லாவை விட்டு எழுந்து நில்லுங்கள். கடையில் நல்ல வாசிப்பு கேட்பது அபூர்வம். தப்பட்டை என்று கேட்டாலும், தமட்டெ என்று கேட்டாலும், டப்பு என்று கேட்டாலும் அதே ஆணியில் மாட்டியிருப்பதையே எடுத்துக் கொடுங்கள்.

சரக்கு எடுக்கப் பெங்களூர் பளேபேட்டைக்குப் போக வேண்டும். வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் பழைய பேட்டை அது. போகும் வழியில் நீங்கள் பார்க்கப்போவது உங்கள் வாடிக்கையாளர்களைத்தான், அவர்களும் அங்கேதான் வாங்கப் போகிறார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டதால் அவர்களுக்கு இன்னும் சௌகரியம். எதிர்ப்பட்டால் தெரியாதவர்போல் இருந்துவிடுங்கள். அறுந்த கம்பியை மாற்ற எப்படியும் உங்களிடம்தான் வரப்போகிறார்கள். காவிரிப் பிரச்சினை கிளம்பும் மாதங்களில் மட்டும் முன்கூட்டியே சரக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எல்லையோடு நின்றுபோய், சனங்கள் மூட்டையும் குழந்தையுமாக ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே நடந்தார்கள். மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்தால் இரண்டு பக்கத்துப் போலீசும் அதைத் திறந்து காட்டச் சொல்வார்கள். மிருதங்கத்தை எப்படித் திறப்பது?

வரி விஷயத்தில் அரசாங்கம் உங்கள் பக்கம்தான் என்று நம்புங்கள். கையால் செய்த நாட்டு வாத்தியங்களுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கீபோர்டுக்கு உண்டா என்றால், அதற்கு வரி மட்டும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் விற்பது கீபோர்டுதான்.

அதை வாங்குவது யார் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத வாரிசுகள் கடையை மூடியிருக்கிறார்கள். இசைக் கலைஞர்களை நம்பிக் கடை நடத்தக் கூடாது. அவர்கள் வருவார்கள், எல்லா வாத்தியத்தையும் வாசிப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். உங்கள் கடைக்குச் சோறு போடுவது தீபாவளி போனஸ். வண்டி செய்கிறவரும் கைக்கடிகாரம் செய்கிறவரும் போனஸ் கைக்கு வந்த சனிக்கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்கு வாங்கித்தரும் முகம் அது. அந்த நேரத்தில் பெரிய மாடலைத் தலையில் கட்டாதீர்கள். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கஞ்சிராவும் ஜால்ராவும் வாங்குவார்கள், மார்கழியில் சர்ச்சுகள் டிரம் செட் கேட்கும். தை பிறந்தால் கடையில் ஈ ஓட்டலாம். அந்த போனஸ் கீபோர்டு ஆறு மாதத்தில் அட்டைப்பெட்டியோடு திரும்பி வரும். ‘ண்ணா, எக்ஸாம் வருது, பாதி விலைக்காவது எடுத்துக்குங்க.’ எடுத்துக்கொள்ளுங்கள். அதே கீபோர்டை அடுத்த தீபாவளிக்கு வேறொரு அப்பாவிடம் விற்கலாம். ஒரே கீபோர்டை மூன்று முறை விற்ற கடைகள் இந்த ஊரில் உண்டு. பாரம்பரியம் என்று ஏதாவது இருந்தால் அதுதான்.

இனி ரிப்பேர். இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், கடைக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. ஆர்மோனிய ரீடின் நாக்கை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள நிமிஷம் போதும். எவ்வளவு சுரண்டுவது என்பதற்கு ஆயுசு வேண்டும், சுரண்டிய பித்தளை திரும்ப ஒட்டாது. ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு 1971 வரை வைத்திருந்தது. தெருக்கூத்துக்காரர்கள் காதில் அந்தச் செய்தி விழவே இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிற வரைக்கும் ஆர்மோனியம் தூசியும் வியர்வையும் குடித்து உங்களிடம் வந்துகொண்டே இருக்கும்.

தோல் வாத்தியம் இன்னொரு ரகம். ஓசூர் மேட்டு ஊர், காலையில் ஈரக்காற்று. தோல் தளர்ந்து சுருதி இறங்கும். நீங்கள் வார் பிடித்துச் சேர்த்துக் கொடுத்ததை வாசிக்கிறவர் சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி வெயிலுக்குக் கொண்டுபோனால் தோல் இறுகி சுருதி ஏறிவிடும். போனில் திட்டுவார். ‘அங்கேயே ஒருத்தரைப் பிடிச்சு இறக்கிக்குங்கண்ணா’ என்று சொல்லத் தெரிய வேண்டும். கர்நாடகத்தில் 2021 முதல் பசுவதைத் தடைச் சட்டம் கடுமையாகிவிட்டது. தோல் எங்கிருந்து வருகிறது என்று சாமி கும்பிட்டுவிட்டு மிருதங்கம் வாங்குகிறவர் கேட்க மாட்டார். நீங்களும் சொல்ல வேண்டாம். அந்தத் தோலைப் பதப்படுத்துகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் கடையில் நாற்காலி போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தவில் சுலபம். வாரை விட்டுவிட்டு இரும்பு வளையமும் போல்ட்டுமாக மாறிவிட்டதால் ஸ்பேனர் போதும். போல்ட் தேய்ந்தால் தெருவுக்குத் தெரு லேத் இருக்கும் ஊர் இது. பம்பைக்குக்கூட அங்கே வளையம் வளைத்துத் தருவார்கள். இந்த வசதி தஞ்சாவூரில் கிடைக்குமா என்று பெருமையாகக் கேட்கலாம்.

சுருதிப்பெட்டி ரிப்பேர் வராது. பெங்களூர் ராடெல் நிறுவனம் மின்னணு சுருதிப்பெட்டி கொண்டுவந்தபோது துருத்தி தைக்கிறவர்கள் கவலைப்பட்டார்கள். இப்போது மின்னணுப் பெட்டி விற்கிறவர்கள் கவலைப்படுகிறார்கள். ‘ஆப்ல ஃப்ரீயா வருதேண்ணா.’

கடையோடு சேர்ந்து உங்களுக்கு ஒரு நோட்டும் வரும். மேலே ‘உ’ போட்டு, உள்ளே பாதிப் பக்கம் அப்பா எழுத்து. கூத்துக் குழுக்கள், பம்பைக்காரர்கள், பஜனைக் கோஷ்டிகள் எல்லோருடைய கடனும் அதில் இருக்கும். திருவிழாக் காலம் முடிந்ததும் வசூலாகும் என்பது ஏற்பாடு. எந்த வருஷத் திருவிழா என்று நோட்டில் எழுதியிருக்காது. வாரிசுகள் முதல் மாதமே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு எல்லோருக்கும் போன் செய்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒருவர் இறந்திருப்பார், அவர் மகன் ஓலா ஃபேக்டரி வேலைக்குப் போச்சம்பள்ளி போயிருப்பான், இன்னொருவர் பணம் தருகிறேன் என்று வந்து, பேச்சுவாக்கில் இரண்டு ஜதை ஜால்ரா கடன் வாங்கிப் போவார். ஆனால் ஊரில் எந்தக் கோயிலில் வாத்தியம் வாங்கினாலும் உங்கள் கடைப் பெயரைச் சொல்கிறவர்கள் அந்த நோட்டில் இருப்பவர்கள்தான். விளம்பரச் செலவு என்று எழுதிவிடுங்கள்.

வாரிசு என்று இதுவரை சொன்னதை நீங்கள் மகன் என்றே படித்திருப்பீர்கள். நம் கடைகளும் அப்படித்தான் படிக்கின்றன. வீட்டில் காது கூர்மையாக இருப்பது பெண்ணுக்கு. டிரினிட்டி காலேஜ் தேர்வில் அஞ்சாம் கிரேடு முடித்திருப்பாள், ரீட் அரை மயிரிழை இறங்கினாலும் சமையலறையிலிருந்தே சொல்வாள். அவளை மாடியில் கீபோர்டு கிளாஸ் எடுக்க வைத்துவிட்டு, சரிகம தெரியாத தம்பியைக் கல்லாவில் உட்கார வைப்பது மரபு. கிளாஸில் வருகிற பணத்தில்தான் கடை வாடகை போகிறது என்பதைக் கணக்குப் பார்க்காதவரைக்கும் மரபு பத்திரம்.

தம்பிக்கும் ஒரு நாள் டிப்ளமோ முடிந்து கம்பெனியிலிருந்து கடிதம் வரும். அப்பாவுக்குக் கிடைக்காத வேலை. வீட்டில் பாயசம் வைப்பார்கள், கடை என்னாவது என்று யாரும் பேச மாட்டார்கள். பதறாதீர்கள், அவன் போகட்டும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் மூன்று மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடலாம். செகண்ட் ஷிஃப்ட் என்றால் காலையில் அவன் கடையைத் திறக்கட்டும், நீங்கள் பளேபேட்டை போய்ச் சரக்கு எடுத்து வாருங்கள். ரீட் சுரண்டுவதை அக்கா பார்த்துக்கொள்வாள். ஜெனரல் ஷிஃப்ட் போட்டால் மட்டும் எச்.ஆரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.